யாரைக் கூப்பிட்டால் யார் வருவார்?

கேள்வி: காயம் பட்டால் வெள்ளையணுக்கள் எல்லாம் அங்கே ஓடிவரும் என்கிறார்கள். அப்படியானால் சீழில் ஒரு வகையும் ஆஸ்துமாக்காரரின் சளியில் வேறொரு வகையும் மிகுந்திருப்பது ஏன்? எப்படியானாலும், வெள்ளையணு எண்ணிக்கை கூடுவது நல்லதுதானே?
– திருச்சி வாசகர்

பதில்: எல்லாம் ஓடிவருவதில்லை, கூப்பிடப்பட்டவைதான் வரும். சீழ் பிடிக்கவைக்கும் பாக்டீரியா நுழைந்த இடத்தில் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களும் இன்டர்லூக்கின்-8 என்ற சிறு புரதத்தைச் சுரக்கின்றன. இப்படி ஆள் கூப்பிடும் புரதங்களுக்குக் கீமோகைன் என்று பெயர். இன்டர்லூக்கின்-8-ஐப் பிடிக்கும் ஏற்பிகள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகையின் மேல் ஏராளம். ஆகவே சீழில் அதுவே நிறைந்திருக்கிறது. அலர்ஜி ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் உட்படலம் சுரப்பது இயோடாக்சின் என்ற வேறொரு கீமோகைன். அதன் ஏற்பியான சி.சி.ஆர்-3 ஈசினோஃபில் என்ற இன்னொரு வெள்ளையணு வகையிடம்தான் மிகுதி. இன்டர்லூக்கின்-5 என்ற புரதம் இங்கே வேறு வேலை பார்க்கிறது: எலும்பு மஜ்ஜையில் ஈசினோஃபில்களைப் பெருக்குவது.

ஓடுகிற ரத்தம் கீமோகைனை அடித்துக்கொண்டு போய்விடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். போகாது. குழாயின் உட்சுவரிலுள்ள ஹெப்பாரன் சல்ஃபேட் இழைகளில் அது ஒட்டி நிற்கும். செலக்டின் என்ற ஒட்டுப் புரதத்தின் தளர்ந்த பிடியில் சுவரோரம் உருண்டுவரும் நியூட்ரோஃபில் அந்தக் கீமோகைனைத் தொட்டதும், நியூட்ரோஃபிலின் மேலிருக்கும் இன்டக்ரின் என்ற பிடிப்புப் புரதங்கள் நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றும். நொடிகளில் நின்று, சுவர்ச் செல்களின் இடுக்கில் புகுந்து வெளியேறி, கீமோகைன் செறிவு கூடும் பக்கமாக ஊரும்.

எண்ணிக்கைக்கு வருவோம். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியவரின் ரிப்போர்ட்டில் வெள்ளையணு கூடியிருப்பதைக் கண்டு 'இன்ஃபெக்‌ஷன்' என்று பதறுவார்கள். பல சமயம் அது வீண் பதற்றம். சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் விடுபட்டு ஓட்டத்தில் கலந்திருக்கும், மஜ்ஜையிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கும். திசுவுக்குள் போவதோ குறைந்திருக்கும். அதே மாத்திரையில் ஈசினோஃபில் இறங்கியிருக்கும். எனவே மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல், வகைவாரியான கணக்கையும் கேளுங்கள்.

இன்டக்ரினின் சி.டி-18 பகுதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு, அரிதாக. கீமோகைன் சுரக்கும், ஏற்பியும் இருக்கும். சுவரில் நிற்கத்தான் பிடி இருக்காது. கொப்பூழ்க்கொடி 3 வாரம் கடந்தும் விழாது. ரத்தத்தில் வெள்ளையணு 20,000-ஐயும் தாண்டி நிற்க, புண்ணில் சீழே பிடிக்காது. தொற்று மட்டும் பரவும். எண்ணிக்கையைக் கூட்டப் பொடி விற்பவரிடம் அந்த ரிப்போர்ட்டுக்கு என்ன பொடி என்று கேளுங்கள். மருத்துவர்கள் செய்வது மஜ்ஜை மாற்று சிகிச்சை.