தூக்கணாங்குருவி ஒரே ஜோடியோடுதான் வாழுமா? நேரில் பார்த்தவர்கள் சொல்லவும்

"மனைவிக்காக ஆண் குருவி கட்டும் காதல் மாளிகை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறதே, அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாழாது. ஒரே பருவத்தில் ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று குடும்பம்கூட அமையும். பக்கத்து ஓலையில் கட்டும் இன்னொருவனுக்கு ஒன்றுகூட அமையாமல் போகும்.

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆய்வு மாணவருக்குக் களத்தில் உதவியாளாக இருந்தவன் நான். பட்டம் எதுவும் கிடையாது. "ஆதாரம் எங்கே" என்று வருபவர்கள், பறவை ஆய்வாளர் சலீம் அலி 1931-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதியதைத் தேடிப் படியுங்கள். மகாராஷ்டிரக் கடலோரம் கிஹிமில் உட்கார்ந்து கூடு கூடாகக் கவனித்து, ஒரு ஆண் அடுத்தடுத்துப் பல பெண்களோடு சேர்கிறது என்று அப்போதே எழுதிவிட்டார்.

நாங்கள் பார்த்தது ஒரு பாசனக் கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற பனை. நெற்பயிரிலும் பனையோலையிலும் நார் கிழித்து வந்து ஆண்கள்தான் கட்டும். பாதி முடிந்த கூடு கவிழ்த்த ஹெல்மெட் மாதிரி இருக்கும், அடியில் குறுக்கே ஒரு நார்ப்பட்டை. அந்தக் கட்டத்தில் பெண்கள் வந்து இறங்கியதும் மரமே கூச்சல் போடும். எல்லா ஆணும் தன் தன் கூட்டில் தொங்கிக்கொண்டு சிறகடிக்கும். பெண் உள்ளே போய்ப் பட்டையில் உட்கார்ந்து, அலகால் நாரை வெடுக்கென்று இழுத்துப் பார்க்கும். சம்மதம் என்றால் தங்கும், இல்லையென்றால் அடுத்த கூடு. தங்கிவிட்டால்தான் முட்டையறையும் நீளக் குழாயும் கட்டி முடிப்பான். அடைகாப்பது அவள் வேலை. அவன் அதற்குள் அடுத்த ஓலையில் முடிச்சுப் போட ஆரம்பித்திருப்பான்.

"அப்படியானால் துரோகியா" என்று கேட்காதீர்கள். குருவிக்கு நம்மூர்க் கல்யாணச் சட்டம் பொருந்தாது. பெண்ணும் ஆளைவிட இடத்தைத்தான் அதிகம் பார்க்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. உயரமான இடம், முள் மரம், கெட்டியான நார் எல்லாம் கணக்கில் வரும்.

நீங்களே ஆராயப் போவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன், பைனாகுலர் மட்டும் போதாது. மஞ்சள் தலையோடு இருக்கும் ஆண்கள் எல்லாம் ஒரே முகம். காலில் நிற வளையம் இருந்தால்தான் யார் எந்தக் கூட்டுக்காரன் என்று நோட்டில் ஏறும். வளையம் போட வனத்துறை அனுமதி வேண்டும், நீங்களாக வலை விரித்துவிடாதீர்கள். வளையத்திலும் பாதிதான் தெரியும்: யார் யாரோடு திரிகிறது என்பது தெரியும், குஞ்சுக்கு அப்பா யார் என்பது தெரியாது. ஆஸ்திரேலியாவின் நீல ஃபெயரி ரென் குருவி ஜோடியாகத்தான் திரிகிறது. மரபணுச் சோதனையில் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட குஞ்சுகளுக்கு அப்பா வேறு.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லியே தீரவேண்டும். விடியுமுன் கிணற்றடிக்குப் போய், கழுத்து வலிக்க மேலே பார்த்து எண்ணியவர்கள் நாங்கள். கட்டுரை வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது "உள்ளூர் உதவியாளர்களுக்கு நன்றி" என்று அரை வரி. பெயர் போட்டால் எத்தனை எழுத்து கூடிவிடும்? பொறாமையில் சொல்கிறேன் என்று சிலர் வருவீர்கள், வாருங்கள். பெட்ரோல் பில்லும் இன்னும் நிலுவைதான்.

அப்புறம் அந்த மின்மினிக் கதை, கமெண்டில் எப்படியும் கேட்பீர்கள். அரைக் கூட்டின் உட்புறம் ஆண் ஈரமண்ணை அப்புவது உண்மை, கீழே விழுந்த கூடுகளில் காய்ந்த கட்டியைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதில் விளக்குக்கு மின்மினி ஒட்டியிருந்ததை நான் ஒரு கூட்டில்கூடப் பார்த்ததில்லை.