மாதச் சாமான் லிஸ்ட்டை எங்கே உட்கார்ந்து எழுதுகிறீர்கள்?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டில் நான்கு பேர். சம்பளம் வந்ததும் முதல் ஞாயிறு சூப்பர் மார்க்கெட் போனால் இரண்டு மணி நேரம் ஆகிறது, பில் எட்டாயிரத்தைத் தாண்டுகிறது, அப்படியும் கடுகை மறந்துவிட்டு மறுநாள் தெருமுனைக் கடைக்கு ஓடுகிறேன். லிஸ்ட் எழுதித்தான் கொண்டுபோகிறேன். எப்படி எழுதினால் நேரமும் பணமும் மிச்சமாகும்? பக்கத்து வீட்டு அக்கா மாதம் 500 ரூபாய் மளிகைச் சீட்டில் சேரச் சொல்கிறார், சேரலாமா?"

சீட்டு விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அதில் ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்.

முதலில் லிஸ்ட். நீங்கள் எழுதுவதை நான் பார்த்ததில்லை, ஆனால் எப்படி எழுதுவீர்கள் என்று சொல்ல முடியும்: ஹாலில் உட்கார்ந்து, அரிசி, பருப்பு, உளுந்து, சர்க்கரை, எண்ணெய் என்று மனப்பாடமாக. பதினெட்டு வருஷம் ஒரு விடுதி மெஸ்ஸுக்குக் கொள்முதல் பார்த்தவன் நான். ஸ்டோர் ரூமுக்குள் நிற்காமல் எழுதிய எந்த லிஸ்ட்டையும் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியதில்லை. வீட்டுக்கும் அதேதான். சமையலறையில் நின்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். "பருப்பு" என்று எழுதினால் அது லிஸ்ட் இல்லை, "துவரம் பருப்பு 1½ கிலோ" என்றால்தான் லிஸ்ட். அளவு எழுதாமல் போனால் அளவைக் கடைக்காரர் முடிவு செய்வார், அவர் பெரிய பாக்கெட்டைத்தான் முடிவு செய்வார். கடுகு ஏன் மறக்கிறது என்றால் அது அஞ்சறைப் பெட்டிக்குள் இருக்கிறது, அதை யாரும் லிஸ்ட் எழுதும்போது திறப்பதில்லை.

எவ்வளவு வேண்டும் என்பது எப்படித் தெரியும்? புது பாக்கெட் பிரிக்கும் அன்று அதன் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதிவிடுங்கள். தீர்ந்த அன்று பாருங்கள். இரண்டே மாதத்தில் உங்கள் வீட்டுக் கணக்கு கையில் இருக்கும். இணையத்தில் சுற்றும் "நான்கு பேர் குடும்பத்துக்கான மளிகைப் பட்டியல்" எதையும் நம்பாதீர்கள், அதை எழுதியவர் வீட்டில் வாரம் ஐந்து நாள் சப்பாத்தியாக இருக்கலாம்.

அடுத்தது, ஒரே நீளப் பட்டியலாக எழுதாமல் எங்கே வாங்கப்போகிறீர்களோ அந்தப்படி பிரித்து எழுதுங்கள். முதலில் ரேஷன். அரிசி வேண்டாம் என்றாலும் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய் என்பதை விட்டுவிட்டு சூப்பர் மார்க்கெட்டில் ஆஃபர் தேடுவது எனக்குப் புரியவில்லை. ஆனால் உங்கள் அலுப்பும் எனக்குத் தெரியும். ஒரு நாள் போனால் பருப்பு வரவில்லை, இன்னொரு நாள் மெஷினில் கைரேகை விழவில்லை, மூன்றாம் நாள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுக்க இவர்களால் ஏன் முடியவில்லை என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் ரேஷனில் வாங்கி முடித்த பிறகுதான் மிச்ச லிஸ்ட்டை முடிவு செய்யுங்கள், மாதம் எட்டு, பத்தாம் தேதிக்கு மேல். சம்பள வாரத்து ஞாயிறு கூட்டமும் அதற்குள் வடிந்திருக்கும், வார நாள் மதியம் இரண்டு மணிக்குப் போனால் முக்கால் மணி நேரத்தில் வெளியே வரலாம். காய்கறியை இந்த லிஸ்ட்டில் சேர்க்கவே சேர்க்காதீர்கள், அது உழவர் சந்தைக்கு, காலையில்.

கடைக்குள்ளே நடக்கிற வரிசையில் எழுதினால் திரும்பத் திரும்ப அலைய வேண்டாம். எடையானது முதலில், பிஸ்கட், சாக்லேட் பக்கம் கடைசியில். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

பணம் போகிற இடம் பாக்கெட் அளவு. எண்ணெய், பருப்பு, பிஸ்கட் மாதிரி சில பொருட்களை இன்னின்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது லிட்டர் பாக்கெட் மாதிரியே தெரியும், எடுத்துப் பார்த்தால் 850 மில்லி, 800 மில்லி. லிட்டர் 150 ரூபாய், பக்கத்திலேயே இன்னொன்று 135 ரூபாய் என்று வையுங்கள். 15 ரூபாய் லாபம் என்று எடுத்தீர்களானால் அது 850 மில்லி, லிட்டருக்குக் கிட்டத்தட்ட 159 ரூபாய் விழுகிறது. சில பாக்கெட்டில் கிராமில் போட்டிருப்பார்கள், ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் நிற்கும், அதை மனதில் வையுங்கள்.

இதற்குப் பரிகாரமாக ஒரு அலகுக்கு எவ்வளவு விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராம் கணக்கில், கிலோவுக்கு மேல் என்றால் கிலோ கணக்கில். கிராம் கணக்கில் யார் பருப்பு வாங்குகிறார்கள்? எறும்பு எழுத்தில் 0.19 ரூபாய் என்று போட்டிருந்தால் ஆயிரத்தால் பெருக்குங்கள், கிலோ 190. அதைப் பழகினால் போதும். அரிசி மூட்டையிலும் இதே கதை: 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டினால் 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று 2022 ஜூலையில் வந்ததும் ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். மூட்டை விலையை ஒப்பிடாதீர்கள், கிலோ விலைக்கு வகுத்துப் பாருங்கள்.

பில் போடும் இடத்தில் போன் நம்பர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023-இல் மத்திய அரசே சொல்லியாயிற்று. எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள்.

மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள் என்பது பொதுவாக நான் சொல்வது, மலிவு என்று ஐந்து கிலோ ரவை வாங்கி வண்டுக்குக் கொடுத்தவர்கள் நிறைய. ஒரே ஒரு விதிவிலக்கு, புளி. மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது வருஷத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். கொட்டை எடுத்ததா எடுக்காததா என்று கேட்டு, கொட்டையோடு என்றால் கணிசமான எடை கழிவு என்று கணக்கில் வைத்து, வீட்டுக்கு வந்ததும் கோதும் நாரும் எடுத்து இரண்டு வெயில் காயவைத்து, கல்லுப்பு தூவி, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அமுக்கி வைக்க வேண்டும், தகர டப்பாவிலோ அலுமினியத்திலோ வேண்டாம், புளி அதை அரித்துவிடும். நாளாக ஆகக் கறுக்கும், கெட்டுவிட்டது என்று கொட்டாதீர்கள், பழம்புளிக்கு ருசி உண்டு. என் அம்மா ஜாடிக்குள் ஈரக் கையை விட்டால் அடிப்பார். ஃபிளாட்டில் வெயில் இல்லை என்கிறீர்களா, கார் மேல் காயவைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது சீட்டு. சேராதீர்கள்.

மாதம் 500, பன்னிரண்டு மாதம் 6,000 ரூபாய். தீபாவளிக்கு 7,500 ரூபாய் மளிகை தருவதாக ஒரு நோட்டீஸ் காட்டுவார்கள், அண்டாவோ குத்துவிளக்கோ கூட இலவசம். அந்த 7,500 எப்படி வந்தது? எல்லாம் எம்ஆர்பி கூட்டல். அதே சாமான்களில் பலவற்றைச் சூப்பர் மார்க்கெட்டில் எம்ஆர்பிக்குக் குறைத்துத்தான் போடுகிறார்கள். கேள்விப்படாத பிராண்ட் எண்ணெய், தேதி முடியப்போகும் சேமியா, பாதி உடைந்த உளுந்து என்று மூட்டை கட்டிக் கொடுப்பார்கள். இது நேர்மையாகக் கொடுக்கிறவர்கள் கதை. மற்றவர்கள் ஐப்பசியில் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள், நீங்களும் உங்கள் தெருவில் நாற்பது பேரும் சாயம் போன ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்பீர்கள். வருஷா வருஷம் தீபாவளி சமயத்தில் இந்தச் செய்தி வருகிறது, வருஷா வருஷம் அதிகாரிகள் "பொதுமக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும்" என்கிறார்கள். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டி வசூல் செய்யும்போது அவர்கள் விழிப்புடன் இருந்தால் என்ன?

பக்கத்து வீட்டு அக்காவைக் குறை சொல்லவில்லை. பத்துப் பேரைச் சேர்த்தால் அவருக்கு ஒரு சீட்டு இலவசம் என்றிருப்பார்கள், அவரும் மாட்டியவர்தான். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவுத்துறையில் பதிவு செய்த எண் இருக்கிறதா என்று மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். "ரொம்ப நம்பிக்கையான ஆள்" என்று பதில் வந்தால், அந்த 500 ரூபாயை வங்கியில் ஒரு வருஷ ஆர்டியாக, அதாவது மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பாக, போடுங்கள். தீபாவளிக்கு நீங்களே லிஸ்ட் எழுதி, உங்களுக்குப் பிடித்த எண்ணெயை வாங்கிக்கொள்ளலாம், அண்டா மட்டும் கிடைக்காது.