38,000 ஓடிய ஆக்டிவா: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. தினமும் போய்வர 40 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. முடிச்சூரில் ஒருவர் 2019 மாடல் ஹோண்டா ஆக்டிவா 5ஜி விற்கிறார். ஒரே ஓனர், 38,000 கி.மீ., விலை 42,000 ரூபாய். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. பழக்கமான மெக்கானிக் யாரும் இல்லை. நானே போய் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: பளபளப்பைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பாலிஷ் போட்டு, புது ஸ்டிக்கர் ஒட்டி, சீட் கவர் மாற்ற அரை நாள் போதும். ஸ்கூட்டரில் பணம் தின்கிற இடம், பின்சக்கரத்துக்கு இடதுபக்கம் இருக்கும் பெல்ட் பெட்டி. இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தண்ணீர் நின்ற பகுதிகளில் முடிச்சூரும் ஒன்று. அந்த வண்டி அன்று எங்கே நின்றது என்று முதலில் கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே தடயம் போகாது. சீட்டைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தையும் பூட்டுக் கொக்கியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டுக்கடிப் பெட்டியை போல்ட் கழற்றி எடுக்கச் சம்மதித்தால் இன்னும் நல்லது. ஒயரிங் கட்டின் டேப் மடிப்புகளிலும் பிரேமின் மூலைகளிலும் காய்ந்த சாம்பல்நிற வண்டல் மாவு மாதிரி ஒட்டியிருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். சாலைத் தூசி எண்ணெயோடு சேர்ந்து கறுப்பாக இருக்கும், வண்டல் அப்படி இருக்காது. ஸ்பீடாமீட்டர் கண்ணாடிக்கு உள்ளே நீர்க்கோடு, ஏர் பில்டர் பெட்டிக்குள் மண் ஆகியவையும் அதையே சொல்லும். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், பால் கலந்த காபி நிறம் என்றால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. பின்சக்கர கியர் ஆயிலும் அப்படித்தான். எல்லோரும் இன்ஜின் ஆயிலை மாற்றிவிடுவார்கள், கியர் ஆயிலை மறந்துவிடுவார்கள். அதனால் அதை ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பது நல்லது. இதில் ஏதாவது ஒன்று உறுதியானாலும் வண்டியை விட்டுவிடுங்கள். பேரிங்கும் ஒயரிங் கனெக்டரும் ஒன்றன்பின் ஒன்றாக மாதக்கணக்கில் செலவு வைக்கும்.

காலையில் போங்கள். முந்தின நாளே போன் செய்து, வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சருக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய இன்ஜினை எடுப்பதில் (கோல்டு ஸ்டார்ட்) ஏதோ தொந்தரவு இருக்கிறது, அதை மறைக்க முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் கிக்கர், பிறகு செல்ப், இரண்டிலும் எடுக்க வேண்டும். ஸ்டார்ட் ஆன உடனே ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டர் திருகும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது. முன்னதை விலையில் குறைத்துக்கொள்ளலாம், பின்னதற்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டும். இது கார்புரேட்டர் வண்டி. சூடான பிறகும் ஐடிலில் அணைந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் நாள்கணக்கில் ஓடாமல் நின்று ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) அடைத்திருக்கும். அது சின்ன வேலை, பயப்பட வேண்டாம்.

இனி பெல்ட் பெட்டி. பெல்ட்டுக்கு ஏறத்தாழ 20,000 முதல் 25,000 கி.மீ. ஆயுள். 38,000 ஓடியிருந்தால் ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும். அந்த பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் தேயும்போது அகலம் குறைகிறது. அகலம் குறைந்த பெல்ட் முன் புல்லியின் (பெல்ட் ஓடும் உருளை) விளிம்புவரை ஏற முடியாது, அதனால் டாப் ஸ்பீடு குறையும், இன்ஜின் மட்டும் கத்தும். புல்லிக்குள் இருக்கும் ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்தால் வேகம் சீராக ஏறாது. இன்ஜின் இழுவையைப் பின்சக்கரத்துக்குப் பிடித்துக் கொடுக்கும் கிளச் ஷூ தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழப்பானால் சிக்னலில் எடுக்கும்போது வண்டி உதறும்.

மூன்றையும் ஒரே ஓட்டத்தில் கண்டுபிடிக்கலாம். ஓட்டுவதற்கு முன் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள். பெருங்களத்தூர் மேம்பாலம் ஏறும் இடத்தில் ஓரமாக நிறுத்தி, அங்கிருந்து மெதுவாகத் திருகி எடுங்கள். உதறல் இருக்கிறதா, சத்தம் ஏறுகிற அளவுக்கு வேகம் ஏறுகிறதா என்று கவனியுங்கள். சமதளத்தில் தனியாக ஓட்டிப் பார்த்தால் எல்லா ஸ்கூட்டரும் நல்ல ஸ்கூட்டராகத்தான் தெரியும்.

ஆக்டிவா 5ஜியில் முன்பக்கம் டெலஸ்கோபிக் போர்க் (குழாய்க்குள் குழாய் இறங்கும் சஸ்பென்ஷன்) கிடையாது, சக்கரத்தைச் சின்ன இணைப்புக் கையில் தாங்கும் பாட்டம் லிங்க்தான். ஸ்பீடு பிரேக்கரில் முன்னால் ‘டக் டக்’ என்று கேட்டால் அந்த லிங்க்கின் புஷ் தேய்ந்திருக்கிறது. பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அழுத்தினால் முன்சக்கரம் தரையைவிட்டு எழும். ஹேண்டிலை இரண்டு விரலால் மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு குழியில் விழுவது மாதிரி நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக்கூடாது. ஆடினால் பேரிங்கோ இன்ஜினைப் பிரேமோடு இணைக்கும் ஹேங்கர் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இல்லையென்றால் விபத்தில் பிரேம் வளைந்திருக்கலாம். அதை வாங்க வேண்டாம். பாடி இரும்புத் தகடு என்பதால் கால்மிதி மேட்டைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மீட்டரில் இருக்கும் 38,000-ஐ வேதவாக்காக எடுக்க வேண்டாம், கேபிளைக் கழற்றிவிட்டால் அது ஏறாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019-ன் 22-வது வாரத்தில் செய்தது. பின்டயர் இன்னும் கம்பெனி டயராகவே இருந்து, பட்டனும் (டயரின் மேல் மேடுகள்) நிறைய இருந்தால் வண்டி குறைவாக ஓடியிருக்கிறது. ஆனால் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும். கைப்பிடி வழவழத்து, கால்மிதி ரப்பர் தேய்ந்து மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ‘டாக்டர் ஓட்டிய வண்டி’ என்று விளம்பரத்தில் போடுவார்கள். ஓட்டியது டாக்டரா, டாக்டரின் பையனா என்று மீட்டர் சொல்லாது.

ஆர்.சி.யை அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஒத்துப் பாருங்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் விற்பவரையே காட்டச் சொல்லி ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இ-சலான் பாக்கி இருந்தால் அவர் கட்டட்டும். கடனில் எடுத்த வண்டி என்றால் பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் இல்லாமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ‘கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்’ என்பதை ஏற்காதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயமானதால், 2019-ல் எடுத்த வண்டிக்கு அது 2024-ல் முடிந்திருக்கும். பலர் அதைப் புதுப்பிப்பதில்லை. அவருடைய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, பிரீமியம் கணக்கில் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஓட்டம் மாதம் ஆயிரம் கி.மீ.க்குக் குறையாது. ஒரே வருடத்தில் இந்த வண்டி 50,000 தொடும். இரண்டு பக்கமும் 10 அங்குலச் சக்கரத்தில் அந்தத் தூரம் தினமும் போனால் இடுப்பு கேட்கும். இரண்டு பக்கமும் 12 அங்குலச் சக்கரமும் டெலஸ்கோபிக் போர்க்கும் உள்ள டிவிஎஸ் ஜூபிட்டரோ, முன்பக்கம் மட்டும் அப்படி வந்த ஆக்டிவா 6ஜியோ கொஞ்சம் கூடுதல் விலைக்குக் கிடைத்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வோம். முடிச்சூர் வண்டியே பிடித்திருந்தால், பெல்ட், ரோலர், கிளச் ஷூ, டயர் என்று நீங்கள் குறித்துவந்த பட்டியலைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டி எஸ்டிமேட் வாங்குங்கள். அந்தத் தொகையை 42,000-ல் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். பணத்தை வங்கி மூலம் அனுப்பி, வண்டியைக் கைமாற்றிய தேதியோடு மணியையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அன்று காலை அவர் தாண்டிய சிக்னலுக்கான அபராதம் ஒரு வாரம் கழித்துக்கூட வரலாம்.