உறிஞ்சத் தெரியும், மூச்சுவிடத்தான் மறந்துபோகும்!

குறைமாதக் குழந்தைகள் பால் குடிக்கப் பழகுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள் பதில் சொல்கிறார்கள்.

சிஸ்டர், என் மகன் 30 வாரத்தில் 1,250 கிராம் எடையில் பிறந்தான். இப்போது 2 வாரம் ஆகிறது. விரலை வைத்தால் விடாமல் சப்புகிறான். ஆனாலும் டியூப் வழியாகத்தான் பால் போகிறது. இவ்வளவு ஆசையாகச் சப்புகிறவனுக்கு நேரடியாகக் கொடுத்தால் என்ன?
– வாசகி, மணப்பாறை

விரல் சப்புவது வேறு, பால் குடிப்பது வேறு. விரலில் விழுங்க எதுவும் இல்லை. அதனால் நொடிக்கு 2 தடவைகூடச் சப்ப முடியும். வாயில் பால் வந்துவிட்டால் வேகம் நொடிக்கு ஒன்றாகக் குறையும். ஒவ்வொரு மடக்கையும் விழுங்கியாக வேண்டும், விழுங்கும் அந்தக் கணம் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும், உடனே திறந்து மூச்சு எடுக்க வேண்டும். உறிஞ்சல், விழுங்கல், மூச்சு மூன்றும் இப்படி வரிசை தப்பாமல் நடக்கும் பக்குவம் ஏறத்தாழ 34 வாரத்தில்தான் வருகிறது. கருவில் இருந்த 30-உம் பிறந்த பின் 2-உம் சேர்த்து உங்கள் மகனுக்கு 32 வாரம். இப்போது பால் ஓடிவந்தால் நாலைந்து முறை உறிஞ்சிவிட்டு மூச்சுவிட மறந்துபோவான். ஆக்சிஜன் இறங்கும், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-க்குக் கீழே போகும், பால் புரையேறும்.

அதற்காக நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பாலை முழுவதும் பீய்ச்சி எடுத்த பிறகு, காலியான மார்பில் அவனைச் சப்ப விடலாம். டியூப்பில் பால் இறங்கும் அதே நேரத்தில் சப்பினால், ‘வாய் அசைந்தால் வயிறு நிறையும்’ என்பது மனதில் பதியும். சீம்பாலை 0.1 மில்லி வீதம் இரு கன்னத்தின் உட்புறமும் தடவச் சொல்லிக் கேளுங்கள். தோலோடு தோலாக அணைக்கும் கங்காரு பராமரிப்பில் தலை ஒருபக்கம் திரும்பி, கழுத்து மடங்காமல் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன அளவு, நாளுக்கு குறைந்தது 8 மணி நேரம். முடிந்தவரை கூட்டிக்கொண்டே போங்கள்.

டியூப் பாலை சிரிஞ்சில் ஊற்றித் தொங்கவிட்டுக் காத்திருக்கிறார்கள். அழுத்திவிட்டால் ஒரு நிமிட வேலைதானே?
– வாசகர், ஓசூர்

அந்த ஒரு நிமிடத்தில்தான் வம்பு. பிஸ்டனை எடுத்துவிட்டு, சிரிஞ்சைக் குழந்தைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் பால் தன் எடையிலேயே 10 முதல் 20 நிமிடத்தில் இறங்கும். அழுத்தினால் வயிறு சட்டென உப்பி, பால் மேலேறி, துடிப்பு குறையும்.

ஒரு வேளைக்கு எத்தனை மில்லி?
– வாசகி, காரைக்குடி

முதல் சில நாட்கள் கொஞ்சமாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். முழு அளவு வந்ததும் நாளுக்கு, கிலோவுக்கு 150 முதல் 180 மில்லி. 1,500 கிராம் குழந்தைக்கு 160 கணக்கில் நாளுக்கு 240 மில்லி. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் வேளைக்கு 20 மில்லி, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் 30 மில்லி. எடை நாளுக்கு, கிலோவுக்கு 15 கிராம் அளவில் ஏறினால் அது போதும். பக்கத்துப் படுக்கைக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள்.

பேத்திக்கு 33 வாரம். மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் கொடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் மடியில் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றிவிடுவோம். அப்படியே செய்யலாமா அம்மா?
– வாசகி, விருதுநகர்

பாலாடையும் சங்கும் நம் வீட்டுச் சாமான்கள்தாம், மருத்துவமனைக்கும் மிகப் பொருத்தமானவை. ஆனால் ஊற்றும் முறையை மட்டும் விட்டுவிடுங்கள் பாட்டி. மூக்கைப் பிடித்தால் குழந்தை வாயால் மூச்சிழுக்கும். இழுக்கும்போது வாயில் பால் இருந்தால் அது நேரே நுரையீரலுக்குத்தான்.

பாலாடையைக் கழுவி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். குழந்தை விழித்திருக்க வேண்டும். தூங்கும்போதும் வேண்டாம், வீறிட்டு அழும்போதும் வேண்டாம். துணியில் சுற்றி, கைகள் முகத்தருகே இருக்கும்படி, தலையும் முதுகும் நேர்கோட்டில் 45 பாகைச் சாய்வில் பிடியுங்கள். தாடைக்குக் கீழே ஒரு துணி. பாலாடையில் 5 மில்லிக்கு மேல் எடுக்காதீர்கள். மூக்கு போன்ற நுனியைக் கீழுதட்டின் மேல், வாயோரமாக வையுங்கள். உதட்டைப் பால் தொடும் அளவுக்குச் சாய்த்து, அங்கேயே நிறுத்துங்கள். நாக்கு வெளியே நீண்டு பாலைத் தொட்டு உள்ளே இழுக்கும். தொண்டையில் விழுங்கும் அசைவு தெரியும், பிறகு மூச்சு வரும். அடுத்த மடக்கு அதற்குப் பிறகுதான். நாக்கின் நடுவிலோ தொண்டைப் பக்கமோ ஊற்றினால் நாக்குக்கு வேலையே இல்லாமல் போகும், பழகவும் மாட்டாள்.

விரல்களை நட்சத்திரம் போல விரிப்பது, புருவம் சுருங்குவது, மூக்குத்துவாரம் விரிவது, வாயோரம் பால் வழிவது, விக்கல், தலையைத் திருப்பிக்கொள்வது எல்லாமே ‘போதும், கொஞ்சம் பொறு’ என்று அவள் சொல்வதுதான். பாலாடையை எடுத்துவிட்டு, நிமிர்த்தி, மூச்சு சீரானதும் தொடருங்கள். உதட்டைச் சுற்றி நீலம் பாய்ந்தால் உடனே நிறுத்தி சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அரை மணிக்கு மேல் இழுக்காதீர்கள். மீதி டியூப்பில் போகட்டும். துணியில் சிந்தியதையும் குடித்ததாக எழுதிவிடுவது எல்லா வார்டிலும் நடக்கும் தவறு. ‘20 மில்லி குடித்தாள், எடை ஏறவில்லை’ என்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

35 வாரம், 1,800 கிராம். மார்பில் போட்டால் 5 நிமிடத்தில் தூங்கிவிடுகிறாள். பால் பற்றவில்லையா?
– வாசகி, கடலூர்

உங்களிடம் பால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அவள் களைத்திருக்கலாம். ஒரே சீரான ஆடை, அதே டயப்பரோடு, கொடுப்பதற்கு முன்னும் பின்னும் துல்லியமான எலக்ட்ரானிக் தராசில் எடை பாருங்கள். 12 கிராம் கூடியிருந்தால் ஏறத்தாழ 12 மில்லி குடித்திருக்கிறாள். மீதியைப் பாலாடையில் கொடுக்கலாம். தொடக்கத்தில் நாளுக்கு ஓரிரு வேளை மட்டும் நேரடியாக, அதுவும் அவள் நன்றாக விழித்திருக்கும் வேளையில்.

எந்த மார்பில் கொடுக்கிறீர்களோ, அதற்கு எதிர்க் கையால் அவள் கழுத்தையும் தோளையும் தாங்குங்கள். பின்மண்டையைப் பிடித்து அழுத்தினால் பின்னுக்கு உதறுவாள். தாடை தளர்ந்து காம்பு நழுவினால், மார்பைத் தாங்கும் கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அவளுடைய இரு கன்னத்தையும் லேசாகத் தாங்கட்டும். பால் பீறிட்டு வந்து திணறினால், முதலில் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் கொடுங்கள். பகலும் இரவுமாக 8 முறையாவது பீய்ச்சிக்கொண்டே இருங்கள். அவளது உறிஞ்சலுக்கு வலு வரும் வரை சுரப்பைக் காப்பாற்றுவது அதுதான்.

வாய்க்குள் விரல் விட்டு மசாஜ் செய்யும் வீடியோ பார்த்தேன். வீட்டில் செய்யலாமா?
– வாசகர், தாம்பரம்

கன்னம், உதடு, ஈறு, நாக்கு என்று வரிசையாக மெல்ல அழுத்தி, கடைசியில் விரலைச் சப்ப விடும் 5 நிமிடப் பயிற்சி அது. பயிற்சி பெற்றவர்கள், ஆக்சிஜன் அளவைப் பார்த்தபடி, கையுறையோடு செய்வது. வீடியோ பார்த்து நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவிச் சேனை வைக்க வேண்டும், கிரைப் வாட்டர் கொடுக்க வேண்டும் என்கிறார் மாமியார். மூக்கில் எண்ணெய் விடவும் சொல்கிறார்.
– வாசகி, தேனி

மூன்றும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் கிரைப் வாட்டரும் அந்தச் சின்ன வயிற்றில் பாலுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தேனை ஒரு வயது வரை நாக்கில் வைக்கவே கூடாது. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். பச்சையாக வாந்தி, வயிறு விறைப்பாக உப்புவது, 20 நொடிக்கு மேல் மூச்சு நிற்பது, எழுப்பினாலும் பால் கேட்காமல் துவண்டு கிடப்பது இவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டிலிருந்து பாலைப் பீய்ச்சிக் கொண்டுபோகிறேன். எவ்வளவு நேரம் கெடாது?
– வாசகி, திருவள்ளூர்

அறையில் வைத்தால் 4 மணி நேரம். சித்திரை வெயிலில் அதையும் நம்பாமல் உடனே பிரிட்ஜில் வையுங்கள். அங்கே 24 மணி நேரம் வைக்கலாம். மூடி போட்ட ஸ்டீல் அல்லது கெட்டி பிளாஸ்டிக் பாத்திரத்தில், பெயர், தேதி, நேரம் எழுதி, ஐஸ் வைத்த பெட்டியில் எடுத்துப் போங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தை வைத்தால் போதும். கொடுக்கும் முன் மெல்லச் சுழற்றுங்கள். கொழுப்பு பிரிந்து பாத்திரச் சுவரில் படிந்திருக்கும். அதை அங்கேயே விட்டுவிட்டால், எடை ஏற்ற வேண்டிய பங்கு பாத்திரத்தோடு கழுவிப் போய்விடும்.