வாசகர் கேள்விகள்: பழைய போல்ட்டுக்கு மறுபடியும் ஜிங்க்

கேள்வி: அப்பா ஓட்டிய 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பிரித்து வைத்திருக்கிறேன். நட்டு, போல்ட்டு, பிராக்கெட், ஸ்பிரிங் என்று இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சேர்ந்துவிட்டது. எல்லாம் துரு. ஆனால் சில போல்ட்டுகளின் தலைக்கு அடியில் வானவில் கலந்த மஞ்சள் பூச்சு இன்னும் தெரிகிறது. மெக்கானிக், “தூக்கிப் போட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டுக்கொள்ளுங்கள்” என்கிறார். அந்த மஞ்சளைத் திரும்பக் கொண்டுவர முடியாதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முடியும். தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

ஹெரால்டில் போல்ட்டு என்பது சில்லறைச் சாமான் இல்லை. தனி சேஸி, அதன்மேல் துண்டு துண்டாக போல்ட்டு போட்டு இணைத்த பாடி. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு வந்தபோதே அப்படித்தான். சென்னையில் செய்த நம் ஹெரால்டும் அதே அமைப்புதான். பானெட்டை முழுசாக முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள், எத்தனை போல்ட்டுத் தலைகள் கண்ணில் படுகின்றன! அந்த மஞ்சள்தான் இந்த வண்டியின் உள்முகம்.

இன்னொரு காரணம் மரை. உங்கள் வண்டியில் இருப்பது இன்ச் கணக்கு யூனிஃபைடு மரை. தலையில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் சின்ன வட்டங்கள் இருந்தால் அதுதான் அடையாளம். 5/16 இன்ச் என்பது 7.94 மில்லிமீட்டர். கடைக்காரர் 8 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்துக் கொடுப்பார், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஹெரால்டின் நைஸ் மரையில் ஒரு இன்ச்சுக்கு 24 சுற்று, சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட்டில் சுமார் 20 சுற்றுதான். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் சேஸியில் இருக்கும் நட்டு மரை போய்விடும். இப்படி மரை போன சேஸிகளை நிறையப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது.

சரி, பிளேட்டிங்குக்கு, அதாவது கரன்ட் பாய்ச்சி இரும்பின்மேல் ஜிங்க் (துத்தநாகம்) ஏற்றும் வேலைக்கு வருவோம். நீங்கள் கேட்கும் மஞ்சள், அந்த ஜிங்குக்கு மேல் ஏற்றும் மெல்லிய படலம். பட்டறைக்குப் போவதற்கு முன் தரையில் ஒரு துணியை விரித்து மொத்தத்தையும் கொட்டிப் பிரியுங்கள். சாதாரண நட்டு, போல்ட்டு, வாஷர், கிளாம்ப், பிராக்கெட் ஒரு பக்கம். ஸ்பிரிங், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக் போல்ட்டுகள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது குவியல் பட்டறைக்குப் போகவே கூடாது.

ஏன் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் ஹெரால்டை முடித்த சமயம், கார்புரேட்டரின் ஆக்சிலரேட்டர் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். தங்கம் மாதிரி வந்தது. மாட்டினேன். மூன்றாம் நாள் காலையில் பானெட்டைத் திறந்தால் கொக்கி இருக்கும் இடத்தில் முறிந்து கிடக்கிறது. வண்டியை ஷெட்டிலிருந்து எடுக்கவே இல்லை! ரோட்டில் முறிந்திருந்தால், காலை எடுத்த பிறகும் ஆக்சிலரேட்டர் மூடாமல் வண்டி பாய்ந்திருக்கும். நடந்தது இதுதான்: துரு எடுக்க ஆசிடில் போடும்போதும், பிளேட்டிங் தொட்டியில் கரன்ட் பாயும்போதும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடுகிறது. சாதாரண இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும். கெட்டிப்படுத்திய எஃகு தாங்காது; இழுவிசையில் இருக்கும்போது, சில மணி நேரமோ சில நாளோ கழித்து, திடீரென்று முறியும். பிளேட்டிங் முடிந்து நான்கு மணி நேரத்துக்குள், மஞ்சள் ஏற்றுவதற்கு முன்பே, 200 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் அடுப்பில் வைத்தால் பெரும்பாலான ஹைட்ரஜன் வெளியேறும். சிறு பட்டறைகளில் அதை எதிர்பார்க்க முடியாது. அதனால் ஸ்பிரிங்கை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து பெயின்ட் அடியுங்கள். பிரேக், ஸ்டியரிங் போல்ட்டுகளை அதே மரையில், அதே கிரேடில் புதிதாகவே வாங்குங்கள்.

முதல் குவியலுக்கு என்ன கேட்க வேண்டும்? “ஜிங்க், 8 மைக்ரான், மஞ்சள் பாசிவேஷன்” என்று சொல்லுங்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; பாசிவேஷன் என்பது ஜிங்க் சீக்கிரம் அரிக்காமல் காக்கும் அந்த மஞ்சள் படலம். யாராவது கால்வனைசிங் தொட்டியில் முக்கலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். மரையின் சரிவு காரணமாக, பூச்சின் தடிமன் போல நான்கு மடங்கு மரையின் விட்டத்தில் கூடும். 8 மைக்ரானுக்கு 32 மைக்ரான், நட்டு ஏறிவிடும். சூடான துத்தநாகத்தில் முக்கினால் 50 மைக்ரானுக்குக் குறையாது. அப்போது 200 மைக்ரான் கூடி, நட்டு ஏறவே ஏறாது.

பழைய ஆழ்ந்த மஞ்சள் ஆறு இணைதிறன் குரோமியத்தால் வந்தது. அது புற்றுநோய் உண்டாக்கும் சரக்கு. பல பட்டறைகள் மூன்று இணைதிறனுக்கு மாறிவிட்டன. நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும். அதைப் பெரிய குறையாக நினைக்க வேண்டாம். அந்தத் தொட்டியருகே நிற்கிற தொழிலாளியின் நுரையீரல் நம் போல்ட்டின் நிறத்தைவிடப் பெரிது.

கொடுப்பதற்கு முன் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், போட்டோ எடுங்கள். சின்ன சாமானைப் பேரலில் போட்டுச் சுற்றும்போது நான்கைந்து காணாமல் போவது சகஜம். தொலைந்தால் அந்த மரைக்கு மறுபடி அலைய வேண்டும்.

கேள்வி: இருபது முப்பது போல்ட்டுதான் இருக்கிறது. வீட்டிலேயே செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவர், கரூர்

பதில்: செய்யலாம். வெள்ளை வினிகரில் கொஞ்சம் எப்சம் உப்பு (உரக்கடையில் மக்னீசியம் சல்ஃபேட் என்று கேளுங்கள்), ஒரு துத்தநாகத் துண்டு, கரன்ட்டைக் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு டிசி சப்ளை போதும். துத்தநாகம் பிளஸ், போல்ட்டு மைனஸ். ஒரு இன்ச் நீள 5/16 போல்ட்டுக்கு 0.1 முதல் 0.2 ஆம்பியர், அரை மணி நேரம். அவசரப்பட்டு கரன்ட்டைக் கூட்டினால் கறுத்துப் பொடிப்பொடியாக உதிரும்.

பாதி வேலை சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. துரு, எண்ணெய் எல்லாம் எடுத்தபின் தண்ணீரில் முக்கித் தூக்குங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடினால் எண்ணெய் இன்னும் போகவில்லை. படலமாக ஒட்டி வழிய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அறுபதுகளின் போல்ட்டுகளில் சிலவற்றுக்கு காட்மியம் பூச்சு இருந்திருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கஷ்டம். காட்மியத் தூளும் புகையும் விஷம். பழைய பூச்சு மிச்சமிருக்கும் எதையும் கிரைண்டரில் தேய்க்காதீர்கள், தீயில் காட்டாதீர்கள். ஸ்பிரிங் பற்றி மேலே சொன்னது வினிகருக்கும் பொருந்தும், அதுவும் ஆசிட்தான்.

கேள்வி: போன வருடம் ஜிங்க் போட்ட பிராக்கெட்டில் மூன்றே மாதத்தில் வெள்ளைப் பவுடர் பூத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. அது துத்தநாகத்தின் துரு. இரும்பைக் காப்பாற்ற அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது. கடற்காற்றில் வேகம் கூடுதல். பாசிவேஷன் செய்யாமல் விட்டிருந்தாலோ, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தாலோ இப்படி ஆகும். மஞ்சள் ஏற்றிய கையோடு 60 டிகிரிக்கு மேல் காயவைத்தாலும் அந்தப் படலம் வெடித்துப் பயனற்றுப் போகும். நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறம் முழுசாக இருந்தால் மெழுகை மெல்லிசாகப் பூசி மாட்டிவிடலாம். செம்மண் நிறத்தில் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தில் துத்தநாகம் தீர்ந்துவிட்டது, மறுபடி பட்டறைதான்.