ஜெபக் கடிதத்தில் எழுத முடியாதது

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். எங்களோடு இருப்பவர்களின் பாதுகாப்பை எண்ணி, நான் ஊழியம் செய்யும் நாட்டின் பெயரை எழுதாமல் விடுகிறேன். இங்கே மிஷனெரியாக வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு வயது 41. மனைவி செவிலியர். ஒரே மகள், ஒன்பது வயது.

முதல் இரண்டு ஆண்டுகள் மொழி படிப்பதிலேயே போயின. சொந்த ஊரில் நான் கலகலப்பாகப் பேசுகிறவன் என்று பெயர் வாங்கியவன். இந்த மொழியில் இன்றுவரை ஒரு வேடிக்கையைச் சொல்லி முடிக்க எனக்கு வரவில்லை. எல்லோருக்கும் நான் ஓர் அமைதியான, கொஞ்சம் மந்தமான மனிதன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு வாலிபர் வேதம் படிக்க வந்தார். வாரம் தவறாமல் மூன்று ஆண்டுகள் படித்தோம். ஞானஸ்நானம் எடுத்தார். எங்களைக் காணிக்கையாலும் ஜெபத்தாலும் தாங்கும் சபைகளுக்கு நாங்கள் எழுதும் ஜெபக் கடிதம், அந்த மாதம் முழுவதும் அவரைப் பற்றித்தான். எட்டு மாதங்கள் கழித்து, குடும்பத்தாரின் நெருக்கடி தாங்காமல் வருவதை நிறுத்திவிட்டார். தெருவில் எதிர்ப்பட்டால் மறுபக்கம் போய்விடுகிறார். இதை நான் யாருக்கும் எழுதவில்லை. அந்தச் சபைகளிலிருந்து இன்னமும் கேட்கிறார்கள்: "அந்தத் தம்பி எப்படி இருக்கிறார்?" "தொடர்ந்து ஜெபியுங்கள்" என்று பதில் எழுதுகிறேன். அது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுதி அனுப்பிய இரவுகளில் தூக்கம் வருவதில்லை.

சென்ற ஆண்டு என் அப்பா இறந்துபோனார். புதுப்பிப்புக்காகக் கொடுத்திருந்த என் கடவுச்சீட்டு விசா அலுவலகத்தில் இருந்தது. நாட்டைவிட்டுப் போக வழியில்லை. அடக்க ஆராதனையைக் கைபேசியில் பார்த்தேன். நடுவில் இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பக் கிடைத்தபோது கல்லறையில் மண் போட்டு முடித்திருந்தார்கள். அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலை இங்கே உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். கேட்டவர்களில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. நான் இன்றுவரை அழவில்லை.

இப்போது வேதத்தைத் திறந்தால் பிரசங்கக் குறிப்புக்காக மட்டுமே திறக்கிறேன். யாராவது கதவைத் தட்டினால் எரிச்சல் வருகிறது. அவர்களுக்காகத்தானே வந்தேன்! விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன். சில நாட்களில், தூங்கினவன் அப்படியே எழுந்திருக்காமல் போனால் என்ன என்றும் தோன்றுகிறது. மனைவி எதையும் குறைசொல்வதில்லை. முன்பைவிட அமைதியாக இருக்கிறாள்.

போன வாரம் இரவு ஜெபம் முடிந்ததும் என் மகள் சொன்னாள்: "அப்பா, ஜெபம் செய்யும்போது மட்டும்தான் நீங்கள் கோபமில்லாமல் பேசுகிறீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஜெபம் செய்யுங்கள்." நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

என் அழைப்பே தவறா? விசுவாசம் குறைந்துவிட்டதா? திரும்பிப் போய்விட்டால், தங்கள் தேவையைக் குறைத்துக்கொண்டு எங்களுக்குக் கொடுத்தவர்களின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பெயர் எழுத முடியாத ஒரு சகோதரன்

---

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கேள்விகள் மூன்றும் கடைசியில் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு முன்னால், போகிற போக்கில் சொல்வதுபோல ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: எழுந்திருக்காமல் போனால் என்ன என்று. அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். இந்த எண்ணத்தை இன்று இரவே மனைவியிடம் சொல்லுங்கள். அவர் செவிலியர், பதறாமல் கேட்கத் தெரிந்தவராக இருப்பார். இந்த வாரத்திலேயே ஒரு மருத்துவரைப் பாருங்கள். சாகவேண்டும், இப்படிச் சாகலாம் என்று எண்ணம் ஒரு வழியைத் தேடத் தொடங்கினால், ஒரு நிமிடமும் தனியே இருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ஊழியன் இப்படிப் போய் நிற்கலாமா என்ற கேள்வியே அப்போது வேண்டாம்.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்: விடியுமுன் வரும் விழிப்பு, எரிச்சல், எதிலும் மனம் பற்றாமை. தைராய்டு சுரப்பியின் கோளாறோ இரத்தசோகையோகூட இப்படி ஆளைச் சோர்த்துவிடும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நாளின் பெரும்பகுதியும் மனம் தாழ்ந்து கிடப்பதோ, எதிலும் ஆர்வமற்றுப் போவதோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, தூக்கமும் சக்தியும் கெட்டால் மனச்சோர்வு நோயா என்று மருத்துவர் பார்ப்பார். நீங்கள் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடும்போது உங்கள் விசுவாசத்தை நீங்கள் சந்தேகித்ததில்லை அல்லவா?

கதவு தட்டும் ஓசையில் வரும் எரிச்சலுக்காக நீங்கள் வெட்கப்படுகிறீர்கள். 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் உழைத்து உழைத்து உள்ளே கருகிப்போகும் இந்த நிலையை (burnout) பற்றி முதன்முதலாக விரிவாக எழுதினார். அவர் அதைக் கண்டது சம்பளத்துக்கு நேரம் கடத்துகிறவர்களிடம் இல்லை. இலவச மருத்துவ மையம் ஒன்றில் முழு மனதோடு உழைத்த தொண்டர்களிடம். தன்னிடமும் கண்டார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்குச் சொன்ன மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலையின்மீது விலகலோ கசப்போ வளர்வது, தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற உணர்வு. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. இது மக்கள்மேல் அன்பில்லாததன் அடையாளம் இல்லை. அன்பில்லாதவர் கதவைத் திறந்தே இருக்கமாட்டார்.

ஆனாலும் உங்கள் பாரத்தில் பெரிய பங்கு வேலைக்களைப்பு என்று நான் நம்பவில்லை. துக்கம். சனிக்கிழமை தகப்பனை அடக்கம் செய்தார்கள், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பிரசங்கித்தீர்கள். நடுவில் இருந்த இரவுக்கு என்ன ஆயிற்று? உங்கள் ஊரில் இருந்திருந்தால் வீடு நிறைய ஆட்கள் வந்திருப்பார்கள், தோளைத் தொட்டிருப்பார்கள், அப்பாவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லியிருப்பார்கள். அங்கே உங்களுக்கு அது எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கக்கூடிய கொஞ்சத்தையும் நீங்களே மறைத்துவிட்டீர்கள்.

பர்மாவுக்குப் போன அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1813இல் ரங்கூனில் இறங்கி, முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தவர் என்று மிஷனெரிக் கூட்டங்களில் சொல்வார்கள். சிறையிருப்பையும் சொல்வார்கள். அதற்குப் பின்னால் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1826 அக்டோபரில் அவர் மனைவி ஆன் இறந்தபோது அவர் அருகில் இல்லை. ஆறு மாதங்களில் கைக்குழந்தையும் போனது. அமெரிக்காவில் தகப்பன் இறந்த செய்தி பல மாதங்கள் கழித்து அடுத்த ஆண்டுதான் கைக்கு வந்தது. முதலில் அவர் வேலையில் மூழ்கினார். பிறகு அது முடியாமல் போயிற்று. காட்டில் ஒரு குடிசை கட்டிக்கொண்டு தனியே போய்விட்டார். தனக்கென ஒரு குழியைத் தோண்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற பொருளில் கடிதம் எழுதினார். உடன் ஊழியர்கள் அவரை விட்டுவிடவில்லை. மெல்ல மெல்ல மீண்டார். பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை 1834இல் முடித்தவர் இதே மனிதர்தான். அந்தக் குடிசை நாட்களில் யாராவது அவரிடம் போய், உமக்கு அழைப்பே இல்லை என்று சொல்லியிருந்தால், அது எவ்வளவு தவறான தீர்ப்பாக இருந்திருக்கும்! உங்களைப் பற்றி நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதும் அதே தீர்ப்புதான். குடிசைக்குள் இருக்கும்போது தீர்ப்பு எழுதாதீர்கள்.

இனி ஜெபக் கடிதம். இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. தாங்கும் சபைகள் வெற்றிச் செய்தியையே எதிர்பார்க்கின்றன என்று ஊழியர்கள் நினைக்கிறார்கள். ஊழியர்கள் வெற்றியையே எழுதுவதால் சபைகள் வேறொன்றையும் எதிர்பார்க்கப் பழகவில்லை. இந்தச் சுற்றில் சிக்கி நொறுங்கிப்போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை, பிரசங்கக் குறிப்பு எடுக்காமல், ஒரு ஊழியனின் கடிதமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். தேமா என்னை விட்டுப் போய்விட்டான் என்று பெயர் சொல்லி எழுதுகிறார். கூட வேலை செய்தவன், விட்டுவிட்டான்; அவ்வளவுதான், ஆயிற்று. துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேரப் பார் என்கிறார். குளிர் வரப்போகிறது, ஆள் வேண்டும், போர்வை வேண்டும். இதை எழுதியதால் பவுலின் ஊழியம் சிறுத்துப்போனதாக யாரும் நினைத்ததில்லை.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் எழுதச் சொல்லவில்லை. அந்த வாலிபரின் பெயரோ அடையாளமோ எங்கும் வரக்கூடாது. "நாங்கள் முன்பு எழுதிய சகோதரர் இப்போது எங்களோடு இல்லை. அவருக்கு நேர்ந்த நெருக்கடி பெரியது. எங்களுக்கு மனம் வலிக்கிறது. அவருக்காகவும் எங்களுக்காகவும் ஜெபியுங்கள்." இந்த நான்கு வரிகள் போதும். இதைப் படித்துக் காணிக்கையை நிறுத்துகிறவர் ஒருவர் இருக்கலாம். தன் வீட்டில் விலகிப்போன பிள்ளையை நினைத்து, முதல்முறையாக உங்களுக்காக உண்மையில் ஜெபிக்கிறவர்கள் பலர் இருப்பார்கள். அந்த வாலிபரைத் தெருவில் பார்த்தால், அவர் மறுபக்கம் போனாலும், தலையசைத்து வணக்கம் சொல்லுங்கள். வெட்கம் அவர் பக்கத்திலும் இருக்கக்கூடும்.

முழு உண்மையையும் கேட்க ஒருவர் வேண்டும், ஒரே ஒருவர். உங்கள் ஊதியத்தையோ பணித்தளத்தையோ முடிவு செய்யும் அதிகாரம் இல்லாத, ஊழிய வாழ்க்கையை அறிந்த ஒருவர். மாதம் இருமுறை, ஒரு மணி நேரம். உங்கள் மிஷன் அமைப்பில் ஊழியர் நலனைக் கவனிப்பவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். நம்பிக்கையில்லை என்றால் வெளியே ஒரு ஆலோசகரைத் தேடுங்கள்.

இன்னொன்று. ஏழு ஆண்டுக் கதையில் உங்கள் மனைவி இரண்டே வரிகளில் வந்துபோகிறார். முன்பைவிட அமைதியாக இருக்கிறார் என்பதை நல்ல செய்தியாக எழுதினீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தியாவுக்கு மிஷனெரியாக வந்த வில்லியம் கேரியின் மனைவி டாரத்தி, 1793இல் மனமில்லாமலேயே கப்பலேறியவர். மறு ஆண்டு ஐந்து வயது மகன் பீட்டரைப் பறிகொடுத்தார். மனநிலை குலைந்து, 1807இல் இறக்கும்வரை தேறவேயில்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளைப் போற்றும் நாம் அந்தப் பெண்ணின் ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பதில்லை; அது எனக்கு எப்போதும் வேதனை. உங்கள் மனைவியின் நிலை அப்படி என்று சொல்லவில்லை. கேளுங்கள் என்கிறேன். "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் வரும். "இங்கே வந்து நீ எதை இழந்தாய்?" என்று கேளுங்கள். பதிலுக்கு ஆறுதல் வசனம் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். "அப்பா துக்கமாக இருந்தேன், அது கோபமாக வந்துவிட்டது, உன் தவறு ஒன்றும் இல்லை" என்றால் ஒன்பது வயதுக்குப் புரியும். தாத்தாவின் இழப்பு அவளுக்கும் இழப்புதானே.

திரும்பிப் போவதா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். மூன்று மாதமாவது விடுப்புக் கேளுங்கள். கூட்டங்களும் அறிக்கைகளும் இல்லாத விடுப்பு. அதற்குப் பிறகு, நன்றாகத் தூங்கி எழும் நாட்களில், மனைவியோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். திரும்புவது என்றே முடிவானாலும் அது விழுந்துபோனதாகாது. ஏமி கார்மைக்கேல் 1893இல் ஜப்பானுக்கு மிஷனெரியாகப் போனார், உடல்நலம் கெட்டு ஒன்றரை ஆண்டுகூட முடியாமல் அங்கிருந்து கிளம்பினார். அதன்பின் இந்தியாவுக்கு வந்து 1951இல் சாகும்வரை இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜப்பானோடு எல்லாம் முடிந்து, அவர் வீட்டில் அமர்ந்து நோயோடு வாழ்ந்திருந்தாலும், அவரைக் குற்றம் சொல்ல எவருக்கும் உரிமை இருந்திருக்காது. உங்களுக்குக் கொடுத்தவர்கள் கர்த்தருக்கென்று கொடுத்தார்கள். அதன் கணக்கை உங்கள் உயிரால் தீர்க்க வேண்டியதில்லை.

மருத்துவரைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள். எந்தப் பாட்டைப் பாடுவார், உங்களை எப்படி அழைப்பார், நீங்கள் கிளம்பிய அன்று என்ன சொன்னார். இந்தக் கடிதத்திலிருந்து அவர் இறந்தார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிகிறது.