அண்ணிக்கு என்ன வாங்குவது?

கேள்வி: தோஹா விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் இருக்கிறது. நடுக்கூடத்தில் இருக்கும் அந்தப் பெரிய மஞ்சள் கரடிப் பொம்மைக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். சிகாகோவில் 18 வருடம் ஓடிவிட்டது. விடியற்காலையில் பனியை வாரித் தள்ளியது, டெவான் அவென்யூவில் கறிவேப்பிலை வாங்கியது, ஓவன் விளக்கைப் போட்டு தோசை மாவைப் புளிக்க வைத்தது எல்லாம் ஞாபகம் வருகிறது. அங்கேயும் ஒட்டவில்லை, கும்பகோணம் போனாலும் விருந்தாளிதான். பக்கவாதத்தில் வலது கை, கால் வராமல் படுத்திருக்கும் அம்மாவைப் பார்க்க மூன்று வார லீவில் போகிறேன். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வீடியோவில் தவறாமல் பேசிவிடுவேன். அம்மாவை அண்ணி பார்த்துக்கொள்கிறார். (எல்லோருக்கும் வாங்கிவிட்டேன், அண்ணிக்கு மட்டும் விட்டுப்போச்சு. இங்கே டூட்டி ஃப்ரீயில் ஏதாவது பார்க்கணும்.) நான் எந்த ஊர்க்காரன்?
- சிகாகோ வாசகர்

பதில்: தம்பி, விமான நிலையத்தில் உட்கார்ந்து இதே கேள்வியை எழுதி அனுப்பியவர்கள் நிறையப் பேர். ஊர் பேர்தான் மாறும். நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு உங்கள் அண்ணியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தோசை மாவு எப்படிப் புளித்தது என்பது வரைக்கும் எழுதத் தெரிந்த உங்களுக்கு, அண்ணி அடைப்புக்குறிக்குள் ஒரு வரி. அதுவும் வாங்க மறந்துபோன சாமான்களோடு. அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்திருந்தால் சிகாகோவிலேயே வாங்கியிருப்பீர்கள்.

நீங்கள் சனி இரவு ஒன்பதுக்குக் கூப்பிடும்போது, குளிர்காலமென்றால் இங்கே ஞாயிறு காலை எட்டரை. அம்மாவுக்குக் கை வராது. அப்படியானால் போனை யார் பிடித்துக்கொண்டு நிற்பது? வாராவாரம் உங்கள் அம்மா முகத்தை உங்களுக்குக் காட்டிய கை யாருடையது என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா?

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று சொல்கிறேன், கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். பக்கவாதத்தில் பலருக்கு விழுங்குவதும் சிரமமாகிவிடும். நிமிர்த்தி உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும், சாப்பாடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். அப்புறம் துணி மாற்றுவது, துடைப்பது, மாத்திரை. இத்தனையும் சேர்ந்த ஒரு வேலையைத்தான் ‘பார்த்துக்கொள்கிறார்’ என்று ஒரு சொல்லில் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

பெற்ற தாயைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. மருமகள் செய்வது அவர் மனசு. 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகள் என்று மகன், மகள், பேரன், பேத்தியைத்தான் சொல்கிறது. மருமகளை அதில் சேர்க்கவில்லை. இந்தியாவுக்கு வெளியே வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்டவில்லை. யார் வேலையை யார் செய்துகொண்டிருக்கிறார் என்பது உங்களுக்கு உறைக்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

சாக்லேட்டும் சென்ட்டும் வேண்டாம். அண்ணியின் நம்பர் உங்கள் போனில் இருக்கிறதா, முதலில் பாருங்கள். இல்லையென்றால் அண்ணனிடம் கேட்டு வாங்கி, தோஹாவிலிருந்தே கூப்பிடுங்கள். அம்மாவைப் பற்றிப் பிறகு விசாரிக்கலாம், அவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். கடைசியாக எப்போது பிறந்த வீட்டுக்குப் போனார் என்றும் கேளுங்கள்.

ஊருக்குப் போனதும் முதல் வாரம் அவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள். மீதி இரண்டு வாரம் அவர் எங்கே போக ஆசைப்படுகிறாரோ அங்கே அனுப்பிவையுங்கள், செலவு உங்களுடையது. அம்மா கூச்சப்படுவார், ‘நீ போடா, அவ வரட்டும்’ என்பார். துடைப்பதற்கும் துணி மாற்றுவதற்கும் ஒரு பெண் உதவியாளரை வையுங்கள். ராத்திரி எழுந்து புரட்டுவது, ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது உங்கள் பொறுப்பு. நீங்கள் கிளம்பிய பிறகும் அந்த உதவியாளர் வர வேண்டும், சம்பளம் மாதாமாதம் நீங்கள் கொடுக்க வேண்டும்.

உங்கள் அண்ணனைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அவருக்கும் இரண்டு கை இருக்கும். நீங்கள் இருக்கும்போதே ராத்திரி முறையை இரண்டு பேரும் பிரித்துக்கொண்டு பழகுங்கள், அண்ணி திரும்பி வந்த பிறகும் அண்ணன் தன் பங்கைத் தொடர்ந்து செய்யட்டும்.